எழுபத்தைந்து சுற்று

வியாழக்கிழமை மாலை நாலு ஐம்பதுக்கு சர்வேயர் என் நோட்டை மூடினார்.

மூடிவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். கேடட் குழுவின் அறை அது. பள்ளி மைதானத்தின் ஓரத்தில், முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த இடம். சுவரோரம் மடித்த கூடாரங்கள். ஒரு மூட்டைக் கயிறு. ஆணிகளில் வரிசையாகத் தண்ணீர்ப் பைகள். மேசையில் இருந்த பழைய கணினியில் பதிவுப் படிவம் திறந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பதினோரு வரி. எட்டில் பையன்களின் பெயர்கள். மூன்று காலி. அதற்குக் கீழே உடன் வரும் பெரியவர்களுக்கு இரண்டு வரி. ஒன்றில் அவர் பெயர். இன்னொன்று காலி. ஞாயிறு மாலை நாலு மணிக்குப் படிவம் தானாகவே மூடிக்கொள்ளும்.

"இத என்னால ஏத்துக்க முடியாதும்மா," என்றார்.

"எத சார்?"

"இது நீங்க செய்யற வேலை. பயிற்சி இல்ல."

அவர் வாரத்தில் ஐந்து நாள் அரசாங்கத்துக்கு நிலம் அளப்பவர். மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு அணிநடை சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகளுக்கு அவர் கமாண்டர். பெற்றோருக்கு சர்வேயர். கெட்டவர் இல்லை. ஒரு வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காகச் சொந்த மாமனாருக்கே நோட்டீஸ் கொடுத்தவர் என்று சொல்வார்கள்.

நான்கு நாள் நடை அது. நாளுக்கு நாற்பது கிலோமீட்டர். எங்கெங்கிருந்தோ குழுக்கள் வரும். இரவில் பள்ளிக்கூடங்களில் தங்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்கள் உள்ள குழுவில் இருபத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருத்தி கூடவே நடக்க வேண்டும். வண்டியில் வரக் கூடாது. பதிவுக்கு முந்தைய ஐந்து வாரத்தில் அவள் முந்நூறு கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். தேதி, தூரம், சாட்சிக் கையெழுத்து எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். கூட நடப்பதாக இருந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். குழுவில் மூன்று பெண்கள். அதில் ஒருத்தி என் மகள்.

நான்கு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை சர்வேயர் பெற்றோரைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஒருவர், ஒரு பையனின் அப்பா, "இந்த வருஷம் பசங்க மட்டும் போகட்டுமே சார், பொண்ணுங்களுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். அடுத்த வருஷத்தை அவர் தன் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோலச் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, இது கடைக்குப் போற நடை இல்ல."

மறுநாள் வியாழக்கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் சலவைத் துணி வண்டி தள்ளுகிறேன். பதினோரு வருஷம். கீழ்த்தளத்தில் சலவைக்கூடம். அங்கிருந்து வெளுத்த துணி மேலே போகும், அழுக்குத் துணி கீழே வரும். புதுக் கட்டடத்தில் ஆறு வார்டு, பழைய கட்டடத்தில் ஐந்து. லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். எங்களுக்குச் சரிவுப் பாதை. வண்டியின் முன்சக்கரம் ஒன்று இடது பக்கம் இழுக்கும். எட்டு மணி நேரமும் வலது கையால் அதைத் திருத்திக்கொண்டே நடக்க வேண்டும். தரையில் ஒரு டைல்ஸை அளந்தேன். அறுபது சென்டிமீட்டர். சலவைக்கூடத்திலிருந்து ஒவ்வொரு வார்டுக்கும் எத்தனை டைல்ஸ் என்று எண்ணிக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எத்தனை நடை போனேனோ அதால் பெருக்கினேன். ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வார்டு சிஸ்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தைந்து ஷிப்ட். முந்நூறு.

"விதிய வாசிங்க சார்," என்றேன்.

வாசித்தார். "பங்கேற்பவர் முந்நூறு கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும்."

"எங்க நடக்கணும்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"சும்மா நடக்கணும், சம்பளத்துக்கு நடக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். "இல்லம்மா. ஆனா பயிற்சின்னா ஒரு சீரான வேகம் இருக்கணும். நீங்க வண்டியப் பிடிச்சிட்டு, அங்க நின்னு, இங்க பேசி…"

"நாளைக்கு லீவு போடுங்க."

"எதுக்கு?"

"காலைல ஆறு மணிக்குச் சலவைக்கூடத்துக்கு வாங்க. ஒரு ஷிப்ட் என் கூட நடங்க. நான் எங்க நின்னு யார் கூடப் பேசறேன்னு பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

வருவார் என்று நினைத்துச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னேன். அவர் தன் டைரியைத் திறந்து அடுத்த நாள் பக்கத்தைப் பார்த்தார். "ஆறா, அஞ்சே முக்காலா?" என்றார்.

வீட்டில் மகள் தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பாள். பூட்ஸின் மூக்கில் ட்யூப் லைட் தெரிய வேண்டும். வீட்டில் வேறு எந்த வேலையையும் அவள் அத்தனை பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

"நோட்ட எடுத்திட்டுப் போனியா?"

"முந்நூறு முடிஞ்சுது. அதான்."

"அவர் ஒத்துக்கலல்ல?"

"ஒத்துக்குவார்."

பஞ்சைக் கீழே வைத்தாள். "நான் உன்னக் கேட்டேனா?"

"எத?"

"கையத் தூக்கச் சொல்லி."

அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாலு நாள்மா. நாலே நாள். என்ன சாப்பிட்ட, எங்க போன, ஏன் மூஞ்சி இப்பிடி இருக்குன்னு யாரும் கேக்காம. அதுக்குத்தான் நான் கேடட்லயே சேர்ந்தேன். அங்கயும் நீ வந்து நிக்கிற."

"நான் வரலன்னா நீ போகவே முடியாது."

"நீ வந்தா நான் போன மாதிரியே இல்ல."

அவள் அப்பா பஸ் கண்டக்டர். உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார். "நாப்பது கிலோமீட்டர்னா எங்க வண்டியில ஒரு டிக்கெட். முன் சீட்டுல அவ, பின் சீட்டுல நீ. சண்டையே இல்ல." யாரும் சிரிக்கவில்லை. "சரி, இறங்கறவங்க இறங்குங்க," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் சொன்னது சரிதான். அந்த மூன்று கேள்விகளையும் நான் தினமும் கேட்கிறேன். அதே வரிசையில் கேட்கிறேன். அவள் பதில் சொல்லாவிட்டால் நான்காவதாக, ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கிறேன். பாத்திரம் கழுவும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாளில் என்னையும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் தோன்றியது. சாப்பாடு ஆச்சா, பட்டன் தைத்தாச்சா, கேஸுக்குச் சொல்லியாச்சா. கையில் வண்டி இருக்காது. முன்சக்கரம் இருக்காது. இரண்டு கையையும் வீசி நான் கடைசியாக எப்போது நடந்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கழுவின தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பத்தைந்துக்கு சர்வேயர் சலவைக்கூட வாசலில் நின்றார். கேடட் பூட்ஸ். இடுப்பில் தண்ணீர்ப் பை. இரண்டு சட்டைப் பைகளிலும் ஒவ்வொரு தீப்பெட்டி, ஒன்று நிறைய, ஒன்று காலி. நூறு மீட்டருக்கு ஒரு குச்சியை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றுவாராம். தன் காலடி எத்தனை வைத்தால் நூறு மீட்டர் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் தொழில்.

என்னோடு வேலை செய்யும் அக்காவை எல்லாரும் ஸ்பீக்கர் என்போம். அவளுக்குத் தெரிந்தால் மூன்றாம் மாடிக்கும் தெரியும்.

"ஏண்டி, யாரு இது? வண்டிக்கு எஸ்கார்ட்டா?"

"பொண்ணோட கமாண்டர்."

"ஓ. துணியெல்லாம் எண்ணிக் குடுப்பாரா?"

"என்னைத்தான் எண்ண வந்திருக்கார்."

"எண்ணட்டும் எண்ணட்டும். எங்களையும் யாராவது எண்ணினா நல்லாத்தான் இருக்கும்."

அவர் களைத்துப் போவார் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. நாலாவது மணி நேரத்தில் எங்காவது உட்காருவார், அப்போது ஒரு பார்வை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. மூன்றடி பின்னால், சுவரோரமாக, ஒரே சீராக வந்தார். சரிவில் வண்டி பின்னுக்கு இழுத்தபோது கை கொடுக்க வந்தார். "தொடாதீங்க சார், அப்புறம் நீங்க தள்ளினதுன்னு கழிச்சிடுவீங்க," என்றேன். கையை எடுத்துக்கொண்டார். பிரசவ வார்டு சிஸ்டர், "யாரு, ஆடிட்டா?" என்றார். குழந்தைகள் வார்டில் ஒரு பையன் பூட்ஸைப் பார்த்து சல்யூட் அடித்தான். இவரும் திருப்பி அடித்தார். ஒரு குச்சியை மாற்றவும் மறக்கவில்லை. டீயை நின்றுகொண்டே குடித்தார். அந்த நாள் முழுக்க நான் யாரோடும் நின்று பேசவில்லை. மற்ற நாட்களிலும் பேசுவதில்லை. ஆனாலும் அன்று ஒவ்வொரு வார்டு வாசலிலும் அது ஞாபகம் வந்தது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி மேல் உட்கார்ந்து குச்சிகளை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "நேத்து நான் சொன்னது தப்பு. இது நடைதான். எங்க பசங்களே இவ்வளவு சீரா நடக்கிறதில்ல."

"சரி சார்."

"ஆனா இது பன்னெண்டு இல்ல. பத்து."

ஸ்பீக்கர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள். துணி சுற்றும் சத்தம் நின்றது.

"நான் பொய் எழுதல சார்."

"பொய்னு யார் சொன்னா? வாங்க."

பழைய கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். ஆண்கள் வார்டு வாசலில் குந்தி உட்கார்ந்து பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு டைல்ஸின் மேல் வைத்தார். நானும் குந்தினேன். நாற்பது சென்டிமீட்டர். அடுத்ததையும் அளந்தார். நாற்பது. அதே சாம்பல் நிறம், அதே மங்கல், அதே கறுத்த விளிம்பு. புதுக் கட்டடத்தில் ஒரே ஒரு டைல்ஸை அளந்துவிட்டு, எல்லாம் அதுதான் என்று எழுதிவிட்டேன். பழைய கட்டடம் எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும். திரும்பி வருகிற பாதை, அதனால் அப்படித் தோன்றுகிறது என்று பதினோரு வருஷமாக நினைத்திருந்தேன். அந்தத் தரை உன் காலுக்குத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால், தெரியும் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"புதுசுல ஆறு சரி," என்றார். "பழசுல ஆறுன்னு எழுதினது நாலு. ஒரு ஷிப்டுக்குப் பத்து. இன்னிக்கோட இருபத்தாறு ஷிப்ட். இருநூத்தி அறுபது."

"நாப்பது குறையுது."

"ஆமா."

ஒரு நோயாளியின் மனைவி எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். ஏதோ கம்மலைத் தேடுகிறோம் என்று நினைத்திருப்பாள்.

"நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்," என்றேன்.

"விட்டிருக்கலாம்." டேப்பைச் சுருட்டினார். "விட முடியாதும்மா. தெரிஞ்சுபோச்சு."

அவர் மேல் வந்த கோபம் அதோடு போய்விட்டது. போனது எனக்கே பிடிக்கவில்லை. கோபம் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கு ஷிப்ட் இருக்கு. பத்து," என்றேன். "ஞாயித்துக்கிழம எனக்கு லீவு. மிச்சம் முப்பது."

"ஞாயித்துக்கிழம எனக்குப் பயிற்சி இருக்கு. மைதானத்த விட்டு வர முடியாது. சாட்சி யாரு?"

"மைதானத்துக்குச் சுத்து எவ்வளவு?"

"ஓட்டப் பாதை. நானூறு மீட்டர்." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "எழுபத்தஞ்சு சுத்தும்மா."

"அத யாரு அளந்தது?"

"நான்தான்."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் புது ஷூவோடு போனேன். நடைக்கு ஷூ கட்டாயம் என்று வாங்கினது. மகள் எனக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள். சர்வேயர் கொடிக்கம்பத்தின் கீழே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை விட்டுத் தள்ளி வந்தார்.

"உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். காலைல வந்ததும் உங்க பொண்ணு பேரு வேணாம்னு சொல்லிட்டா."

மைதானத்தில் மூன்று வரிசையாக நின்றார்கள். இரண்டாவது வரிசையில் ஓரத்தில் அவள். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணியில் நிற்கும்போது அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

"மத்த ரெண்டு பொண்ணுங்க?"

"அவங்க உங்கள நம்பித்தான் இருக்காங்க."

"அப்ப நடக்கறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. சொந்தப் பொண்ணே வராதப்போ நீங்க எதுக்கு…"

"உங்க சொந்தப் பிள்ள யாராவது இந்தக் குழுவுல இருக்கா சார்?"

"இல்ல."

"நீங்க நடக்கறீங்கல்ல."

அவர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. பிறகு, மூன்று பெண்களில் குள்ளமானவளைக் கூப்பிட்டு ஒரு கரும்பலகையையும் சாக்கையும் கொடுத்தார். அவளுக்குக் கணுக்கால் சுளுக்கு, அன்று அணியில் இல்லை. நான் கொடிக்கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கோடு.

முதல் பத்துச் சுற்று ஒன்றுமே இல்லை. கைகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வலது கை தானாக எதையோ திருத்தப் போனது. அதை இழுத்து வைத்தேன். மறுபடியும் போனது. பதினைந்தாவது சுற்றில்தான் அதற்குப் புத்தி வந்தது. நடுவில் பிள்ளைகள் அணிநடை பழகினார்கள். நான் கிழக்குப் பக்கம் போகும்போது அவர்களின் முதுகு தெரியும். மேற்குப் பக்கம் வரும்போது முகம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் மகளுக்கு முன்னால் போனேன். நான்கு நாள் என்னைப் பார்க்காமல் இருக்க ஆசைப்பட்டவள். சர்வேயர் 'பின்னால் திரும்பு' என்றபோது எல்லாரையும்விட ஒரு நொடி முன்னதாகத் திரும்பினாள்.

இருபத்தெட்டில் ஷூ கடிக்கத் தொடங்கியது. முப்பத்தொன்றில் குதிகாலில் ஈரம். கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸில் ரத்தம். பையில் ஆஸ்பத்திரிச் செருப்பு இருந்தது, ரப்பர், பின்பக்கம் தேய்ந்தது. அதைப் போட்டுக்கொண்டேன்.

சர்வேயர் வந்தார். "அங்க செருப்புக்கு அனுமதி இல்லம்மா."

"அங்க ஷூ போடறேன். இங்க முப்பது கிலோமீட்டர் முடிக்கணும்."

"அங்க போறதுக்குள்ள கால் ஆறணுமே."

"இன்னும் மூணு வாரம் இருக்கு சார். நீங்க போய் 'இடப்பக்கம் திரும்பு' சொல்லுங்க."

பதினோரு மணிக்கு உடற்பயிற்சிக்கூடக்காரர் மகனைப் பார்க்க வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பைக்கில் உட்கார்ந்தபடியே என் இரண்டு சுற்றைப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் சொன்னார். "அக்கா, இன்னும் கடைக்குப் போய்ச் சேரலையா?"

"மூடறதுக்குள்ள போயிடுவேன் தம்பி. உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

அவர் மகன் அணியில் நின்றபடியே சிரித்துவிட்டான். சர்வேயர் அவனை ஒரு சுற்று ஓடவிட்டார். அவன் என்னைத் தாண்டி ஓடும்போதும் சிரித்துக்கொண்டேதான் ஓடினான்.

பன்னிரண்டரைக்குப் பயிற்சி முடிந்தது. பிள்ளைகள் போனார்கள். கண்ணாடி போட்ட பெண், மூவரில் இரண்டாவது, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, எங்கம்மா கேக்கச் சொன்னாங்க. ராத்திரி நீங்க எங்க கூடவே படுப்பீங்கல்ல?" என்றாள். "ஆமா," என்றேன். "குறட்டை விடுவீங்களா?" "விடுவேன்." "சரி," என்று போனாள். என் மகள் போகவில்லை. அறையின் படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ் லேஸை அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள். மதியத்துக்குப் பிறகு மைதானத்தில் நிழல் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிடலாம், அதற்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றியது. விடவில்லை. தொடை இறுகிவிட்டது. சின்ன அடியாக வைத்தேன். வலித்தது குதிகால் இல்லை, இடுப்பு. வண்டி இருந்திருந்தால் அதன் மேல் சாய்ந்திருக்கலாம். பதினோரு வருஷம் நான் அதைத் தள்ளினேன் என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் அதுவும் என்னைத் தாங்கியிருக்கிறது. அந்த இரண்டு பெண்களுக்காக நடக்கிறேன் என்று காலையில் சர்வேயரிடம் சொன்னது ஐம்பத்தெட்டாவது சுற்றில் பொய்யாகிவிட்டது. அவர்கள் இல்லை என்று யாராவது வந்து சொல்லியிருந்தாலும் நின்றிருக்கமாட்டேன். இதை வெட்கமாக நினைத்தேன். ஒரு சுற்று முழுக்க அப்படி நினைத்துவிட்டு, அதையும் விட்டேன்.

"அறுபத்திரண்டு," என்று குள்ளப் பெண் கத்தினாள்.

நின்றேன். "அறுபத்தொண்ணு."

"இல்ல ஆன்ட்டி, இங்க பாருங்க."

"நான் செருப்பு மாத்த உக்காந்தேன்ல, எழுந்து கம்பத்தத் தாண்டினதும் ஒண்ணு போட்ட. அது ஏற்கெனவே போட்டது. அழி."

அவள் சர்வேயரைப் பார்த்தாள். அவர் அறை வாசலில் நின்றிருந்தார். படிக்கட்டில் என் மகள் திரும்பிப் பார்த்தாள். அன்று முழுக்க அப்போதுதான் திரும்பினாள். இன்னொரு தடவை தப்பாக எண்ண எனக்கு விருப்பமில்லை. டேப்பை வைத்துக்கொண்டு யாரும் என் முன் குந்த வேண்டாம்.

"அழிம்மா," என்றேன். குள்ளப் பெண் விரலால் ஒரு கோட்டை அழித்தாள்.

எழுபத்தைந்து முடிந்தபோது மூன்று இருபத்தைந்து. நின்றதும் கால் நிற்க மறுத்தது. இன்னும் நாலடி தானாக நடந்தது. குள்ளப் பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி என்னோடு அறைக்கு வந்தாள். படிக்கட்டில் என் மகள் ஒதுங்கி இடம் விட்டாள். இரண்டு படி. கைப்பிடி இல்லை. ஏறினேன்.

சர்வேயர் பலகையை எண்ணினார். நோட்டில் தேதி போட்டு, முப்பது என்று எழுதி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே முந்நூறு என்று எழுதிக் கோடு போட்டார். கணினியின் பக்கம் திரும்பி, பெரியவர்களுக்கான இரண்டாவது வரியில் என் பெயரை அடித்தார். ஒற்றை விரலால். என் வயது. என் வேலை. வேலை என்ற இடத்தில் நிறுத்தி, "என்னன்னு போட?" என்றார். "துணி வண்டி," என்றேன். அப்படியே போட்டார்.

ஒன்பதாவது வரியில் குள்ளப் பெண். பத்தாவதில் கண்ணாடிக்காரி. பதினோராவது வரியில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கணினியின் மூலையில் மூன்று நாற்பத்தொன்று. அவர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்க்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. கேட்கவும் கூடாது. நாலரை வாரமாகக் கேட்காத ஒன்றைக் கடைசி இருபது நிமிடத்தில் கேட்டால் அது கேள்வியாக இருக்காது. அவர் எழுந்து, ஆணியில் நேராகவே தொங்கிய தண்ணீர்ப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் மாட்டத் தொடங்கினார்.

வாசலில் வெளிச்சம் குறைந்தது. மகள் நின்றிருந்தாள். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பின் பின்பக்கம் சாக்ஸ் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா," என்றாள். "அங்க நீ எனக்கு முன்னாடி நடப்பியா, பின்னாடி நடப்பியா?"